தேயம் தேசமான கதை

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்றோர் ஊர் இருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகையைப் படித்ததும் சொற்சுவை அறிந்த எவருக்கும் ஓர் ஐயம் எழும். நாடு, கூற்றம், கோட்டம், வளநாடு, மண்டலம் என்று நிலப்பிரிவுகளுக்கு இத்தனை பெயர்களை அளந்து அளந்து வைத்த தமிழ் மரபு, வயலும் ஏரியும் சில தெருக்களும் கொண்ட ஒரு சிற்றூருக்குத் 'தேசம்' என்ற பெரும்பெயரை எதற்காகக் கொடுத்தது? மராத்தியிலும் இந்தியிலும் இதே சொல்லைச் சொன்னால் கேட்பவர் நினைவுக்கு வருவது பர்மா. ஐராவதி பாயும் ஒரு முழு நாட்டுக்கு அவர்கள் வழங்கிய பெயர் அது. உப்பளக் கரைக்கு அருகே நெல்லும் மணிலாவும் விளையும் மண்ணில் அந்தப் பெயர் நிற்பதற்குக் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் தடயம், இந்தப் பெயர் தனியாக இல்லை என்பது. இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேற்கே விக்கிரவாண்டிப் பக்கம் எண்ணாயிரத்தை ஒட்டி இன்னொரு பிரம்மதேசம் உண்டு. செய்யாறு வட்டாரத்தில் ஒன்று உண்டு. தெற்கே அம்பாசமுத்திரத்துக்கு அருகில், பெரிய கைலாசநாதர் கோயிலோடு ஒன்று. கொங்கு நாட்டில் அந்தியூர்ப் பக்கம் ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, பல நாள் நடைத் தொலைவில் கிடக்கும் ஊர்கள் ஒரே பெயரைச் சுமந்தால், அந்தப் பெயர் முதலில் ஓர் ஊரின் சிறப்புப் பெயராக இருந்திருக்க முடியாது. ஒருவகை ஊர்களுக்கெல்லாம் பொதுவாக வழங்கிய வகைப்பெயராகவே இருந்திருக்க வேண்டும். புத்தூர், நல்லூர், பாளையம், பட்டி எல்லாம் அப்படி நின்ற பெயர்கள்தாம்.

அந்த வகைப்பெயரைக் கல்வெட்டுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பிரமதேயம் என்பது அது. பல்லவர் செப்பேடுகளிலும் பாண்டியர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் வரும் சொல். 'பிரம' என்பது இங்கே அந்தணரைக் குறிக்கும்; 'தேயம்' என்பது கொடுக்கத்தக்கது, கொடுக்கப்படுவது. 'தா' என்னும் வடமொழி வினையடியிலிருந்து வந்த வினைப்பெயர். அந்த அடியின் மக்கள் நம் வீட்டுக்குள்ளும் நிறைய நடமாடுகிறார்கள்: தானம் அதன் மகன், தத்துப்பிள்ளையின் 'தத்து' அதன் மகன், பங்காளிகளைச் சுட்டும் தாயாதியையும் உரிமைப் பங்கைச் சுட்டும் தாயத்தையும் அதே குடும்பத்தில் வைப்பார் பலர், தாயம் தமிழ்த் 'தாய்' வழி வந்ததே என்று வழக்காடுவோரும் உண்டு. தமிழிலேயே 'தா' என்றால் கொடு என்பதுதான் பொருள். இரண்டு மொழிகளும் ஒரே ஓசையில் ஒரே பொருளைச் சொல்லுமிடங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. ஆனால் ஓசையொற்றுமை ஒன்றையே கண்டு உறவு கட்டிவிடக் கூடாது. தேயம் என்னும் சொல்லமைப்பு வடமொழி இலக்கணத்துக்குரியது. இரவல் சொல்லை இரவலென்றே ஏற்றுக்கொண்டு, அதைத் தமிழ் என்ன செய்தது என்று பார்ப்பதில்தான் நம் மொழியின் திறம் தெரியும்.

பிரமதேயம் உருவான முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரசன் ஆணை நாட்டாருக்குச் சேரும். நாட்டார் அதைத் தலைமேல் வைத்து வாங்குவார்கள். பிடி எனப்படும் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு வரம்பு காட்டுவார்கள். அரசுக்குச் சேரவேண்டிய இறைகள் பல அன்றுமுதல் கொடை பெற்றவர்க்கு உரியவை ஆகும். பிறகு பெயர் மாற்றம். பழம்பெயர் நீங்க, அரசனின் பெயரோ விருதோ முன்னொட்டாக வந்து, 'மங்கலம்' அல்லது 'சதுர்வேதிமங்கலம்' என்பது பின்னே ஒட்டிக்கொள்ளும். காரைக்காலுக்கு அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடுகளில், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் கொடுகொள்ளி என்னும் ஊரை ஓர் அந்தணருக்குப் பிரமதேயமாகக் கொடுத்து ஏகதீரமங்கலம் என்று பெயரிட்ட செய்தி இருக்கிறது. கொடுகொள்ளி! கொடுத்தலும் கொள்ளுதலும் ஒரே மூச்சில் ஒலிக்கும் அந்தப் பழம்பெயரைக் காதில் போட்டுக்கொண்டு, அடுத்து ஏகதீரமங்கலத்தைச் சொல்லிப் பாருங்கள். எது உழவர் வாயில் விளைந்தது, எது அரண்மனை எழுத்தரிடமிருந்து புறப்பட்டது என்று விளக்கவே வேண்டாம்.

அரண்மனைப் பெயர்களுக்கு ஒரு குறை உண்டு. அடுத்த அரசன் வந்தால் மாறும். நீளமாக இருப்பதால் நாவில் தங்காது. சதுர்வேதிமங்கலங்களில் எத்தனையோ, முன்னால் இருந்த அரச விருது உதிர்ந்து, மங்கலம் மட்டும் எஞ்சி, சிலவேளை அதுவும் போய்க் கிடக்கின்றன. உத்தரமேரூர், 919லும் 921லும் முதலாம் பராந்தகன் காலத்தில் குடவோலை விதிகளைச் சுவரில் பொறித்த அந்தப் புகழ்பெற்ற சதுர்வேதிமங்கலம், இன்று மங்கலத்தை விட்டுவிட்டு வெறும் உத்தரமேரூராகவே வழங்குகிறது. வேறு சில ஊர்களில் நடந்தது இதற்கு மறுதலை. அக்கம்பக்கத்து ஊரார், "அந்தப் பிரமதேயத்துக்குப் போகிறேன்", "பிரமதேயத்து ஏரி உடைந்தது" என்று வகையைச் சொல்லியே ஊரைக் குறித்தார்கள். வகைப்பெயரே ஊர்ப்பெயராகக் காய்த்துவிட்டது. அரசர்கள் கொடுத்த பெயர்கள் உதிர்ந்து, அயலூரார் கூப்பிட்ட பெயர் நின்றது.

நின்ற பெயர் பிறகு திரிந்தது. தேயம் ஏன் தேசமாயிற்று என்பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

பிரமதேயம் என்ற கொடைச்சொல் பரவுவதற்கு முன்பே தமிழில் வேறொரு தேயம் இருந்தது. வடமொழித் 'தேசம்' தமிழுக்கு மிகப் பழங்காலத்தில் வந்து, தமிழ் நாவுக்கு இணங்கித் தேயம் என்றும், சங்கச் செய்யுளில் அளபெடுத்துத் தேஎம் என்றும் ஆகியிருந்தது. ஆகாசம் ஆகாயம் ஆனது போலவே இது. சகர யகரப் போலி நம் மொழிக்குப் புதிதன்று. நாட்டுப்புறப் பேச்சில் உயிர் உசிராகும், உயரம் ஒசரமாகும், முயல் மொசலாகும். எழுத்து வழக்கில் யகரமாக நிற்பது பேச்சில் சகரமாகும். இரவல் சொற்களிலோ வடமொழியில் சகரமாக நிற்பது தமிழில் யகரமாகும். இரு திசையிலும் கதவு திறந்தே இருந்தது.

ஆகவே தமிழில் இரண்டு தேயங்கள். ஒன்று 'கொடை' என்னும் பொருளது, செப்பேட்டிலும் கல்வெட்டிலும் வாழ்ந்தது. மற்றொன்று 'நாடு' என்னும் பொருளது, புலவர் நாவில் வாழ்ந்தது. ஒலியில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. பிரமதேயங்களை உண்டாக்கும் அரசுகள் நிலைத்திருந்த வரைக்கும் முதல் தேயத்தின் பொருள் ஊரார்க்குத் தெரிந்திருந்தது. சோழப் பேரரசு தளர்ந்து, சபைகள் மறைந்து, நிலவரி முறையே மாறிப்போன பின்பு, 'கொடுக்கப்பட்டது' என்னும் பொருளை நினைவூட்ட யாரும் இல்லை. அப்போது பிரமதேயம் என்று கேட்ட காது, தனக்குத் தெரிந்த மற்றத் தேயத்தை எடுத்துக்கொண்டது. ஏடு எழுதிய கற்றவரோ, தேயம் என்பது தேசத்தின் தமிழ் வடிவம் என்று அறிந்தவர்; 'மூல' வடிவத்தையே எழுதுவோம் என்று, இல்லாத மூலம் ஒன்றை மீட்டுத் தேசம் என்று திருத்தினார். பிழை என்று இதைத் தள்ள எனக்கு மனமில்லை. கேட்ட சொல்லுக்குப் பொருள் தேடாமல் விடமாட்டேன் என்னும் மக்களின் பிடிவாதம் இது. மொழிகள் உயிரோடிருப்பதற்கு அடையாளமே அதுதான்.

கல்லில் இந்தச் சொல் எப்படி இருக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. சோழர் காலத்துக் கோயில் ஒன்றின் அடித்தளத்துக்கு முன் குனிந்து நின்று, குமுதப் படையிலும் பட்டிகையிலும் விரலை ஓட்டினால், தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் திடீரென வளைவும் அடுக்கும் மிகுந்த கிரந்த எழுத்துகளாக மாறும். மெய்யின் மேல் மெய் ஏறி ஓர் எழுத்தின் கீழ் இன்னோர் எழுத்து தொங்கும் அந்த இடம் பெரும்பாலும் பிரமதேயம், சதுர்வேதி, சுவஸ்திஸ்ரீ போன்ற சொல் ஒன்றுக்குரியது. அடுத்த சொல்லில் கல்தச்சன் மறுபடி தமிழுக்குத் திரும்பிவிடுவான். மெய்களுக்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஆகவே தமிழெழுத்தில் வந்தால் 'தெயம்' என்றே கண்ணுக்குப் படும். நெடில் குறில் வேறுபாட்டைக் கொம்பின் சுழியில் காட்டும் வழக்கம் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. எழுத்தில் இத்தனை நெகிழ்வு இருந்த காலத்தில் ஒலி வழியே சொல் நழுவியது வியப்பே இல்லை.

இந்த நழுவலுக்கு இணையான ஒன்றைச் சொன்னால் ஐயம் முற்றும் தீரும். அந்தணர்க்குக் கொடுத்தது பிரமதேயம் என்றால், கோயிலுக்குக் கொடுத்தது தேவதானம். சமணப் பள்ளிக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம். திருமால் கோயிலுக்குக் கொடுத்தது திருவிடையாட்டம். தேவதானத்தின் 'தானம்' கொடை. ஆனால் வடமொழி 'ஸ்தானம்', தமிழில் முதலொற்றை இழந்து, அதுவும் தானம் ஆகும். இடம் என்று பொருள்படும். இராசபாளையம் பக்கத்துத் தேவதானத்தையும் தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியையும் இன்று கேட்பவர்கள், கடவுளுக்குக் கொடுத்த நிலம் என்று கொள்வதைவிடக் கடவுள் இருக்கும் இடம் என்றே கொள்கிறார்கள். கோயில் நிருவாகத்தைச் சுட்டும் 'தேவஸ்தானம்' காதில் பழகிவிட்டதும் அதற்குத் துணை. ஒரு சொல்லில் கொடை நாடாயிற்று. மற்றொரு சொல்லில் கொடை இடமாயிற்று. கொடுத்த கை மறந்து, கொடுக்கப்பட்ட மண் மட்டும் நினைவில் நின்றது என்று நான் இதைப் படிக்கிறேன். மண்ணில் வாழ்வோர்க்கு அதுவே இயல்பு.

பெயரின் முற்பாதியும் சும்மா இருக்கவில்லை. 'ப்ர' என்ற கூட்டொலி தமிழில் மொழிமுதல் வராது என்பதால் இடையே இகரம் நுழைந்தது. பேச்சில் அதுவும் இளகிப் 'பெர' ஆகும். ஹகரம் போய், மகரம் இரட்டித்தது. ஒலியைவிடப் பொருள் இன்னும் தொலைவு சென்றது. அந்தணரைச் சுட்டிய பிரமம், நான்முகன் ஆகிய பிரமனாகக் கேட்கத் தொடங்கியது. பிரமன் இருந்த தேசம், பிரமன் வழிபட்ட தலம் என்று கதை பிறந்தது. விக்கிரவாண்டிப் பக்கத்துப் பிரம்மதேசத்தில் இறைவனுக்கே பிரம்மபுரீசுவரர் என்று பெயர். இறைவன் பெயரால் ஊர் பெயர்பெற்றது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். சொல்லின் வரலாற்றைப் பின்னோக்கி நடந்தால் ஊர்ப்பெயரே இறைவனுக்குப் பெயர் தந்தது என்று நான் கருதுகிறேன்.

அந்த ஊருக்கு நீங்கள் ஒருமுறை போக வேண்டும். தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இரண்டு சோழர் காலக் கோயில்கள் அங்கே, ஆளரவம் குறைந்து, கல்வெட்டுகளை நிறுத்தி நிதானமாகப் படிக்க இடம்கொடுத்து நிற்கின்றன. ஒன்று பிரம்மபுரீசுவரர் கோயில். மற்றது பாதாளீசுவரர் கோயில். இரண்டாம் பெயரைக் கேட்டதும் கீழுலகம் நினைவுக்கு வரும்; அப்படித்தான் இன்று பொருள் சொல்கிறார்கள். என் காதுக்கு அதனடியில் 'பாடலி' கேட்கிறது. பாடலி என்பது பாதிரி மரம். கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் ஊர்ப்பெயரில் தமிழ்ப் பாதிரியும் இறைவன் பெயராகிய பாடலீசுவரரில் வடமொழிப் பாடலியும் அருகருகே வாழ்கின்றன. மரம் அருகி, மரத்தின் பெயரும் மறந்தால், பாடலி பாதாளமாவதற்கு ஒரு தலைமுறை போதும். பாதிரிக்கே இன்னொரு விபத்து நேர்ந்தது: போர்த்துகீசியர் 'பாத்ரே' என்ற தம் குருமார் பெயரோடு வந்தார்கள், அதுவும் தமிழில் பாதிரி ஆயிற்று, இன்று பாதிரி என்றால் மரத்தை நினைப்பவர் நூற்றில் ஒருவரும் இல்லை.

அங்கிருந்து கூப்பிடு தொலைவில் எண்ணாயிரம். இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இங்கே இருந்த வேதக் கல்விச்சாலையில் இளநிலை மாணவர் 270 பேரும் மேல்நிலை மாணவர் 70 பேரும் ஆசிரியர் 14 பேரும் இருந்ததையும், அவர்களுக்கு அளந்த நெல்லையும் கணக்காகச் சொல்கிறது. வேதம் பயின்றவர்களோடு இலக்கணம் பயின்றவர்களுக்கும் அங்கே இடமுண்டு. எட்டாயிரம் என்னும் பொருளுடைய அட்டசகத்திரம் என்ற பெயர் அந்தணருள் ஒரு பிரிவாருக்கு இன்றும் வழங்குகிறது. எண்ணாயிரம் சமணர் என்னும் பழங்கதையையும் இவ்வூரோடு இணைப்பவர்கள் உண்டு. எண் ஒன்று ஊராகி, ஊர் ஒரு குலப்பெயராகிய அரிய வரலாறு. அழகிய நரசிம்மர் கோயிலின் சுவர்களில் இன்னும் படிக்க நிறைய இருக்கிறது.

செய்யாற்றுப் பக்கத்துப் பிரம்மதேசத்துக்கு வேறொரு பெருமை. கங்கையும் கடாரமும் கொண்ட முதலாம் இராசேந்திரன் 1044இல் மறைந்ததையும், அவன் தேவி வீரமாதேவி அவனோடு உயிர்துறந்ததையும், அவளுடைய உடன்பிறந்தவனான மதுராந்தகன் பரகேசரிவேளான் அவ்விருவரின் தாகம் தணிய அறம் வைத்துத் தண்ணீர்ப் பந்தல் நடத்த ஏற்பாடு செய்ததையும் அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. கடல்கடந்து வென்றவன் பெயரில் எஞ்சிய கடைசி அறம், வழிப்போக்கர்க்குத் தண்ணீர். 'பந்தல்' என்ற அந்த எளிய சொல்லும் அன்றிலிருந்து இன்றுவரை, கோடைகாலத் தெருமுனையில், பொருள் மாறாமல் நிற்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மரக்காணம் சாலையில் பிரம்மதேசத்தின் பக்கத்தூர் பெருமுக்கல். மூன்று கல், அதாவது மூன்று பாறைக்குன்று என்று பிரித்தால் தமிழ்ப்பெயராக நேராக நிற்கும். குன்றின் குகையொன்றில் பழங்காலப் பாறைக்கீறல்கள் இருக்கின்றன; அந்தக் குகைக்கு மக்கள் வைத்த பெயர் சீதைக்குகை. சீதை இங்கே மகப்பேற்று வலியில் முக்கினாள், ஆகவே பெருமுக்கல் என்பது ஊரார் கதை. குன்றின் மேலுள்ள சிவனுக்கு முக்தியாசலேசுவரர் என்று பெயர். முக்கல் 'முக்தி'யாகி, கல் 'அசல'மாகி வடமொழி உடுத்திக்கொண்டது. 1760இல் புதுச்சேரியை நோக்கி வந்த ஆங்கிலப் படைத்தலைவர் அயர் கூட் இந்தக் கோட்டையைப் பிடித்தார்; அவர்கள் எழுத்தில் இது 'பெர்மாகோயில்'. அந்த எழுத்தை மட்டும் படிக்கும் வெளியூரார் பெருமாள் கோயில் என்றே எண்ணுவர். ஒரு குன்றின் பெயரைச் சிவன் அடியார், சீதை கதை சொன்ன மூதாட்டிகள், ஆங்கிலச் சிப்பாய்கள் என மூவரும் தத்தம் காதுக்கு ஏற்பக் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் பிழையென்றாலும், மூன்றும் அந்தக் குன்றை விரும்பியோ வேண்டியோ அழைத்த அழைப்புகள்.

மரக்காணத்துக்கு உள்ள பெயர்ச்செல்வத்தைச் சொல்லி மாளாது. கிரேக்க மொழியில் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கடற்பயணக் கையேடு கமரா, பொதுகே, சோபத்மா என்று மூன்று துறைகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிப் பக்கம். அதற்கு வடக்கே உள்ள சோபத்மாவை மரக்காணம் என்று கொள்வோர் பலர். சோபத்மாவைத் தமிழாகப் படித்தால் சோபட்டினம். 'சோ' என்பது அரணையும் மதிலையும் குறிக்கும் பழஞ்சொல். சிறுபாணாற்றுப்படையோ ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் நெய்தல் நகரை எயிற்பட்டினம் என்கிறது. எயில் என்றாலும் மதில்தான். மாலுமி கேட்டது சோ, புலவர் எழுதியது எயில், இரண்டும் ஒரே மதில்சூழ் துறையைச் சுட்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுகாட்டியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. ஒருபொருட் பன்மொழி நிகண்டில் மட்டும் இருக்கிறது என்று நினைப்போம். இங்கே அது ஒரு நகரத்தின் அடையாளத்தையே காட்டிக்கொடுக்கிறது.

மரக்காணம் என்ற இன்றைய பெயரை றன்னகரத்தால் எழுதினால் கானம், காடு; டண்ணகரத்தால் எழுதினால் காணம், பழந்தமிழ்ப் பொற்காசு. கபிலருக்குச் சேரன் நூறாயிரம் காணம் கொடுத்ததாகப் பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்லுமே, அந்தக் காணம். ஊரிலுள்ள சோழர் காலக் கற்றளியில் இறைவன் பெயர் பூமீசுவரர். கடலும் கழியும் உப்பும் சூழ்ந்த ஊரில், மண்ணுக்குத் தலைவன் என்று ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள்.

உப்பு விளையும் நிலத்துக்குத் தமிழில் அளம் என்று பெயர். அள்ளல் சேறு, அளறு குழைசேறு, அளக்கர் கடல். அளம் இவற்றோடு பிறந்தது என்பது ஓசையிலேயே தெரியும். மரக்காணத்து அளத்தில் நின்று பார்த்தால் சொல்லும் பொருளும் ஒட்டிக்கொள்வது புரியும். பாத்திகளின் தரையை முதலில் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி மாறி, வெயிலில் சுண்டி, கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியில் மேற்பரப்பில் மெல்லிய ஏடாகப் பூத்து, கனத்து அடியில் இறங்குகிறது. நீண்ட கழியில் கோத்த பலகையால் அதை வரப்புக்கு வாரிக் குவிக்கும் பெண்களும் ஆண்களும் 'உப்பு விளைஞ்சிருக்கு' என்றே சொல்வார்கள். மழை வந்தால் 'விளைச்சல் போச்சு'. பாத்தி, வரப்பு, விளைச்சல் என்று நெல்லின் சொற்களையெல்லாம் உப்புக்கும் கொடுத்துவிட்டது தமிழ். சம்பளம் என்பது சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகப் பெற்றதால் வந்த சொல் என்று சொல்லறிஞர் சிலர் விளக்குவர். வடமொழியில் 'சம்பல' என்பது வழிப்பயணத்துக்குரிய கட்டுச்சோறு. அகராதியாளர் அதையும் காட்டுவர். முதல் விளக்கம் இனியது. ஆனால் இனிமையை வைத்து வேர் காண முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுவதே முறை.

உப்பளத்துக்குத் தெற்கே விரியும் பெரும் உவர்நீர்ப் பரப்பு கழுவெளி. கழி என்பது உப்பங்கழி. வெளி என்பது திறந்த பரப்பு. கழிவெளி என்று சொல்லிப் பார்த்தால் அந்த நிலமே கண்முன் விரியும். பேச்சில் அது கழுவெளியாகி, எழுத்தில் சிலர் கழுவேலி ஆக்கி, கழுமரத்தையும் வேலியையும் இல்லாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2021இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் உலக ஈரநிலப் பட்டியலான ராம்சாரிலும் இடம்பெற்ற பின், அறிவிப்புப் பலகைகளிலும் செய்திகளிலும் இரண்டு வடிவங்களும் மாறி மாறி வருகின்றன. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன்: கழுவெளி என்றே எழுத வேண்டும். பிரம்மதேசம் நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் ஊறிய மாற்றம். கழுவேலியோ நேற்றைய எழுத்துத் தடுமாற்றம். முன்னதைப் போற்றவும் பின்னதைத் திருத்தவும் நமக்கு உரிமை உண்டு.

திண்டிவனம் திரும்பும் வழியில் கிடங்கிலையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். நல்லியக்கோடனின் தலைநகர் அது. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. கிடங்கு பழந்தமிழில் அகழி. இன்று மூட்டை அடுக்கும் இடம். ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆன சொல்லுக்கு வேர் தேடுவோர் மலாய் வழியே தமிழ்க் கிடங்கையும் தெலுங்குக் கிட்டங்கியையும் சுட்டுகிறார்கள். திண்டிவனமோ திந்திரிணி வனம், புளியங்காடு. அங்குள்ள ஈசனும் திந்திரிணீசுவரர். அகழி கிடங்காகவும் புளி வனமாகவும் மாறிய இரண்டு பெயர்களை ஒரே நகரம் வைத்திருக்கிறது.

பிரம்மதேசத்துப் பலகையைப் பிரமதேயம் என்று மாற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். கூடாது. தேயம் கல்லுக்கு உரியது, தேசம் ஊராருக்கு உரியது. இரண்டையும் அறிந்திருப்பதே படித்தவர் கடன். செய்ய வேண்டிய வேலை வேறு. ஊர்ப்பெயர்களாவது பலகையில் நிற்கின்றன. வயல்களின் பெயர்கள், ஏரி மதகுகளின் பெயர்கள், அளத்துப் பாத்திகளின் பெயர்கள் நிலம் கைமாறும்போதே அழிந்து, புல எண்கள் மட்டும் எஞ்சுகின்றன. உங்கள் வீட்டுப் பழைய கிரையப் பத்திரங்களை எடுத்து, நான்கெல்லை சொல்லும் இடத்தில் உள்ள நிலப்பெயர்களைப் பாருங்கள். ஊரில் மூத்தவர்கள் அவற்றை எப்படி ஒலிக்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஒலி மாறாமல், திருத்தாமல், எழுதி வையுங்கள்.